பெயர் சொல்லும் பழைய கடதாசிகள்

தென் கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமீது பலகையிற் சறுக்கி விளையாடிய இளைஞர்களின் இசையாக 1960களின் தொடக்கத்தில் எழுந்ததுதான் 'சேர்ஃப்' இசை. மின்கிற்றாரின் ஒலி ஈரமாக எதிரொலிக்கும். மேளம் விரைந்து ஓடும். டிக் டேல் 1962இல் வாசித்த 'மிசிர்லூ', 1994இல் 'பல்ப் ஃபிக்ஷன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்தது. அதனால் பின்வந்த தலைமுறையும் இந்த இசையை அறிந்துகொண்டது.

அந்நாளைய ஒலிப்பதிவுக் கூடங்களில் எஞ்சிய பொருட்களைத் தேடிச் சேகரிப்போர் பலர். கிற்றார்கள், ஒலிநாடாப் பெட்டிகள், பரீட்சார்த்த இசைத்தட்டுகள் என எல்லாவற்றுக்கும் விலையுண்டு. ஆனால் நாம் இம்முறை எடுத்துக்கொள்வது வெறும் கடதாசி ஒன்றை.

ஹொலிவூட்டின் பெரிய கூடங்களில் ஒலிப்பதிவு நடந்தால், இசைக் கலைஞர் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தப் படிவம் ஒன்று நிரப்பப்படும். திகதி, நேரம், கூடத்தின் பெயர், பாட்டின் தலைப்பு, வாசித்தவர்களின் பெயர், அவரவர்க்குரிய சம்பளம், ஓய்வூதியத்துக்குச் செலுத்தும் தொகை ஆகிய யாவும் அதில் இருக்கும். கணக்கு வழக்குக்காக எழுதிய தாள்தான். ஆனால் இன்று உண்மையைச் சொல்ல வல்லது பெரும்பாலும் அதுவே.

ஏனெனில் இசைத்தட்டின் உறை உண்மையைச் சொல்வதில்லை. 1963 யூலையில் 'சேர்ஃப் சிற்றி' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. இவ்வகைப் பாடல்களில் அவ்விடத்தை எட்டிய முதற்பாட்டு அதுதான். உறையில் இருந்த பெயர் ஜான் அன்ட் டீன். மேளம் அடித்த ஹால் பிளேனை அன்று எத்தனை ரசிகர் அறிந்திருப்பர்? அவரோ தாம் வாசித்த இசைத்தாள்களில் 'ஹால் பிளேன் மீண்டும் தாக்கினார்' என்று பொருள்படும் இறப்பர் முத்திரையைக் குத்திவிட்டுப் போவார். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உறையிற் பெயர் வராதவர், தம் பெயரைத் தாமே பதித்துவைத்த செயல் அது.

'வைப் அவுட்' மெட்டின் கதையும் இதுபோன்றதே. சேர்ஃபாரிஸ் என்ற பள்ளிக்கூடப் பையன்களின் குழு, குக்கமொங்கா என்ற சிற்றூரில் போல் பஃப் நடத்திய சிறு கூடத்தில் அதைப் பதிவு செய்தது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப அங்கேயே கட்டிய மெட்டு. தொடக்கத்திற் கேட்பது பலகை ஒன்றை முறித்த சத்தம். பைத்தியச் சிரிப்பு குழுவின் முகாமையாளருடையது. 1963இல் அது தரவரிசையில் 2ஆம் இடத்துக்கு ஏறியது. உடனே அக்குழுவின் பெயரில் நீளத்தட்டு ஒன்றும் வெளிவந்தது. அதில் இரண்டு உருப்படிகளே அந்தப் பையன்களுடையவை. மற்றவற்றை வாசித்தது சலஞ்சேர்ஸ் என்ற வேறு குழு! அந்தக் கூடம் இருந்த கட்டடமும் இன்று இல்லை.

படிவம் மட்டும் போதுமா என்றால், போதாது. கூடத்துக்கு வந்தும் படிவத்தில் ஏறாதவர் உண்டு. பல சிறு கூடங்களில் படிவமே நிரப்பப்படவில்லை. ஆகவே ஒலிநாடாப் பெட்டியின்மேல் பொறியியலாளர் எழுதிய குறிப்பையும், நாடாவில் பாட்டுக்கு முன்னும் பின்னும் கேட்கும் பேச்சையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். "இது மூன்றாம் முறை" என்று ஒருவர் அறிவிப்பார். இன்னொருவர் மேளக்காரரைப் பெயர் சொல்லி அழைப்பார். அந்த ஒரு சொல்லே ஒருவருக்குச் சாட்சியாகிவிடும்.

இது வெறும் பெருமைக்கான தேடலல்ல. ஒரு பாட்டுப் பின்னாளில் திரைப்படத்திலோ விளம்பரத்திலோ பயன்பட்டால், சங்க விதிப்படி கலைஞர்களுக்கு மேலதிகப் பணம் சேரவேண்டும். யாருக்குச் சேரவேண்டும் என்பதை அந்தப் பழைய படிவம்தான் காட்டும். பெயரில்லாதவர் தாம் வாசித்ததை நிரூபிக்க அலைய வேண்டும். கடதாசி இல்லாவிட்டால் ஆளே இல்லை என்பது எம்மவர்க்குப் புதிய செய்தியல்லவே.

எமது வீடுகளிலும் பழைய கசற்றுகள் கிடக்கின்றன. கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், கலைவிழாவில் ஊரவர் பாடிய பாட்டு, நாடக ஒத்திகை எனப் பலவகை. பலவற்றில் ஓர் எழுத்தும் இல்லை. அவற்றை எறியுமுன், வாசித்தது யார், பாடியது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு உறையில் எழுதிவையுங்கள். மிருதங்கம் அடித்தவரையும் மறந்துவிடாதீர்கள். அதற்கு வேண்டியது ஒரு பேனாவும் கால்மணி நேரமுமே. சொல்லக்கூடியவர்கள் எம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுவோம்.