மீன் தொட்டிச் செடியும் நம்ம ஊர்த் தண்ணீரும்



பேத்தி ஆசைப்பட்டாள் என்று கொளத்தூர் போய் ஐந்து வகைச் செடி வாங்கி வந்தேன். மூன்றே வாரத்தில் கபோம்பா கரைந்து வெறும் நூலாகிவிட்டது. தப்பு என்னுடையது. அதற்கு மென்னீரும் நல்ல வெளிச்சமும் வேண்டும். எங்கள் திருவொற்றியூர் போர் தண்ணீரோ உப்பு.

அழகைப் பார்த்துச் செடி சேர்க்காதீர்கள், தண்ணீரைப் பார்த்துச் சேருங்கள் என்பதுதான் என் கட்சி. வாலிஸ்நேரியா (நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணமாகப் படித்தீர்களே, அதேதான்!) கடின நீரிலும் செழிக்கும். ஆனால் ஓடுதண்டு விட்டுத் தொட்டியையே பிடித்துக்கொள்ளும். அதைப் பின்பக்கம் நட்டு, அவ்வப்போது கழித்துவிடுங்கள். முன்னால் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் கல்லில் நூலால் கட்டிவையுங்கள். அவற்றின் கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். மூன்றுக்கும் குறைந்த வெளிச்சமே போதும்.

கழித்த செடியை மட்டும் பக்கிங்காம் கால்வாயில் வீசாதீர்கள். அமெரிக்கக் கண்டத்துக் காக்கா ஆழி எண்ணூர்க் கழிமுகச் சேற்றை மூடி, இறால் பிடிப்பவர்கள் பிழைப்பைக் கெடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். கபோம்பாவும் அந்தப் பக்கத்துச் செடிதான். கேரளத்தில் வாய்க்கால்களை அடைத்திருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். எங்கள் வீட்டில் மொட்டைமாடி ரோஜாவுக்குப் போகிறது.