காவல் காத்த மாமரம்

செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறி கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிற தமிழர்கள் தினமும் டாக்யார்டு ரோடு நிலையத்தைக் கடக்கிறார்கள். அதுதான் மஜகாவ். இன்று போர்க்கப்பல் கட்டும் இடம்; ஒரு காலத்தில் மாந்தோப்பு.

தனித் தீவாக இருந்த மஜகாவை 1572இல் போர்ச்சுகல் மன்னர் டிசோசா இ லிமா குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்தாக வழங்கினார். பரம்பரை என்பதெல்லாம் ராஜா மாறும் வரைதான். பம்பாய் ஆங்கிலேயர் வசமான பிறகு நிலம் கைமாறியது.

மாமரத்தின் வம்சம் பத்திரத்தில் இல்லை, கிளையில் இருக்கிறது. ஒட்டு மாங்கனியின் கொட்டையை ஊன்றினால் அதே ருசி வருமென்று சொல்ல முடியாது. கிளையை ஒட்டுக் கட்டினால் வரும். மஜகாவ் பழம் அப்படி ஒரே தாய்மரத்திலிருந்து பரவியது என்றும், பழம் பழுக்கும் காலத்தில் அந்த மரத்துக்குச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள் என்றும் 1809இல் பம்பாய் வந்த மரியா கிரஹாம் எழுதியிருக்கிறார். ஷாஜகான் காலத்தில் மராட்டியக் கரையிலிருந்து டில்லி வரை அஞ்சல்காரர்களை நிறுத்தி அரண்மனைக்கு மாம்பழம் கொண்டுபோனார்களாம். இந்தியாவையே பார்த்திராத அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர்கூட, 1817இல் வெளியான தமது 'லல்லா ரூக்' காவியத்தில் இந்தப் பழத்துக்கு இடம் கொடுத்தார்.

ஆண்டுக்கு இருமுறை காய்த்தவை என்று பேர் வாங்கிய மரங்கள் அங்கே இருந்தன. மே மாதம் ஒரு முறை, கிறிஸ்துமஸ் சமயத்தில் மறுமுறை.

இன்று காவல் கப்பல் துறையின் வாசலில். மே மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் வைக்கோல் பரப்பி வருகிற ஹாபூஸும் ஒட்டுக் கட்டி வந்த பழம்தான். பெட்டியில் ரத்னகிரி, தேவ்கட் என்று எழுதியிருக்கும்.