டைட்டனோபோவா: பாம்பா, தெர்மாமீட்டரா?

அனகோண்டா படம் பார்த்து மிரண்டவங்களே, அந்தப் பாம்புக்குத் தூரத்து உறவுல ஒரு பாட்டி இருந்திருக்கா. பேரு டைட்டனோபோவா. கொலம்பியாவுல செர்ரஹோன் நிலக்கரிச் சுரங்கத்துல கிடைச்ச எலும்புகளை வச்சு 2009-ல அறிவிச்சாங்க. நீளம் சுமார் 13 மீட்டர், எடை ஒரு டன்னுக்கு மேல. வாழ்ந்தது ஏறக்குறைய 6 கோடி வருஷத்துக்கு முன்னாடி.

உடனே எல்லாரும் கேக்குற கேள்வி, "மனுஷனை முழுங்குமா?" அட, அப்போ மனுஷனே கிடையாதுங்க! பின்னால கிடைச்ச மண்டையோட்டுத் துண்டு, பல்லு எல்லாம் பார்த்தவங்க, முக்கியமா மீன்தான் தின்னிருக்கும்னு சொல்றாங்க. அது கிடந்த சதுப்புக்காட்டு ஆத்துல நுரையீரல் மீன், ராட்சச ஆமை, முதலை வகையறா எல்லாம் இருந்துச்சு.

2024-ல நம்ம ஊர் 'வாசுகி இண்டிகஸ்' வந்ததும் அடுத்த சண்டை ஆரம்பம்: யாரு பெருசு? குஜராத்துல கட்ச் பக்கம் பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல கிடைச்ச 27 முதுகெலும்புத் துண்டை வச்சு 11 முதல் 15 மீட்டர் வரைக்கும் கணக்குப் போட்டிருக்காங்க. இவ்ளோ இடைவெளி இருக்கிற கணக்கை வச்சுகிட்டு கப்பு யாருக்குன்னு அடிச்சுக்கறது வெட்டிவேலை. இது என் கருத்து.

உண்மையான மேட்டர் நீளம் இல்லை, சூடு. பாம்பு நம்மள மாதிரி உடம்புக்குள்ளயே சூடு உண்டாக்கி வாழாது, வெளிச்சூட்டை நம்பித்தான் பொழப்பு. அவ்ளோ பெரிய உடம்பு ஓடணும்னா ஊரும் சூடா இருக்கணும். அதை வச்சு அந்தக் காட்டோட வருஷ சராசரி 30 முதல் 34 டிகிரி செல்சியஸ்னு 2009-ல கணக்கு சொன்னாங்க. ஒத்துக்காத விஞ்ஞானிகளும் உண்டு. ஆனா ஒரு முதுகெலும்பை வச்சு செத்துப்போன காலத்தோட வெயிலை அளக்கப் பாக்குறாங்களே, அதுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

'அப்போ பூமி சூடானா மறுபடியும் ராட்சசப் பாம்பு வருமா?'ன்னு கேப்பீங்க. அவசரப்படாதீங்க. அப்படி ஒரு உடம்பு உருவாக லட்சக்கணக்கான வருஷம் வேணும். நாம ஒண்ணு ரெண்டு நூற்றாண்டுலயே சூடேத்திட்டு இருக்கோம். வளர்றதுக்கு எங்க நேரம்? இருக்கிற பாம்புங்க தப்பிச்சாலே பெருசு.

இதுல கொடுமை என்னன்னா, செர்ரஹோன் நிலக்கரி வேற ஒண்ணுமில்ல, அந்தப் பாம்பு வாழ்ந்த காலத்துக் காடு புதைஞ்சு ஆனதுதான். அதைத் தோண்டி எரிக்கும்போதுதான் இந்த எலும்பே வெளிய வந்துச்சு. பயப்படணும்னா பாம்பைப் பார்த்து இல்லை, பக்கத்துல கிடக்கிற கரியைப் பார்த்துதான் பயப்படணும்.

என்ன சொல்றீங்க மக்களே?