ஒரே கரை, மூன்று நாள்

ஊரை விட்டு நீங்காமல் கழிக்கும் விடுமுறைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டேகேஷன்’ என்று ஒரு சொல்லைப் புழங்குகிறார்கள். நாளேடுகளின் வாரயிறுதி இணைப்புகளில் தலைகாட்டிய அச்சொல் இன்று தமிழ் விளம்பரங்களுக்கும் வந்துவிட்டது. நாம் அதை உள்ளூர் விடுமுறை என்று அழைத்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. சென்னையில் இச்சொல்லுக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறை எடுத்து, பிள்ளைகளை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து வீடு திரும்புவது. கடல் அங்கே குளத்துக்குப் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலையாக நின்றுகொண்டிருக்கும்.

சொந்த ஊர்க் கடலோரத்தில் குழந்தைகளோடு விடுமுறையைக் கழிப்பது மிக நல்ல காரியம். அதைத் திட்டமிடும் முறையில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அறை, உணவு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் என்றே நம் திட்டங்கள் அமைகின்றன. முதல் நாள் மெரினா, இரண்டாம் நாள் முட்டுக்காடு, மூன்றாம் நாள் மாமல்லபுரம் என்று வரிசைப்படுத்துகிறோம். மூன்று கரைகளை ஒருமுறை பார்ப்பதைவிட ஒரே கரையை மூன்று முறை பார்ப்பது மேல் என்பதே நான் சொல்ல வருவது. வெளியூர்க்காரருக்குப் பட்டியல் தேவைப்படலாம். அவர் மறுபடி வருவது உறுதியில்லை. உள்ளூரில் இருப்பவருக்கு வாய்த்த ஒரே வசதி திரும்ப வர முடிவதுதான். அதை விட்டுவிட்டு உள்ளூரிலும் சுற்றுலாப் பயணியாக அலைவதில் என்ன இருக்கிறது?

இதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிந்த பின் கோவலனும் மாதவியும் கடலாடப் போகிறார்கள். இருவரும் புகார் நகரத்தவர். போவதும் புகார்க் கடற்கரைக்கே. முழுநிலவு நாளைத் தேர்கிறார்கள். வைகறையிலேயே புறப்படுகிறார்கள். அவன் அத்திரியிலும் அவள் வண்டியிலும் ஏறிச் செல்கிறார்கள். கரையில் புன்னை நிழலில் திரை வளைத்து, மேலே விதானம் கட்டி அமர்கிறார்கள். அதன் பின் யாழைக் கையிலெடுத்ததும் பாட்டு வினையாக முடிந்ததும் நாமறிந்த கதை. அந்தப் பிணக்கை ஒதுக்கிவிட்டு ஏற்பாட்டை மட்டும் பாருங்கள்: நாள் பார்த்தல், விடியுமுன் கிளம்புதல், நிழல் தேடுதல், பிறகு ஓரிடத்தில் உட்காருதல். உள்ளூர் விடுமுறைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடைக்காது.

நேரத்தைப் பற்றியும் நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல். இதைக் கதிரவன் சாயும் வேளை என்று கொள்வதே பெருவழக்கு. அது எழும் வேளை என்று பொருள் கொள்வோரும் உண்டு. சோழமண்டலக் கரையில் நிற்பவருக்கு இரண்டு பொருளும் ஏற்புடையனவே. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து, மாலையில் வீடுகளுக்குப் பின்னால் மறைகிறது. முழுநிலவு நாளில், கதிரவன் மேற்கே இறங்கும் வேளையை ஒட்டி நிலவு கடலிலிருந்து மேலெழும். ஆகவே விடுமுறையின் மூன்று நாட்களில் ஒரு நாளாவது பௌர்ணமியைத் தொடும்படி அமைத்துக்கொள்ளலாம். நாட்காட்டியைத் தவிர இதற்கு வேறு செலவில்லை.

கோடை விடுமுறை என்றால் பகலில் மணலில் நிற்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் தரை சூடேறிய பிறகே, நண்பகலை ஒட்டியோ பிற்பகலிலோ, கடற்காற்று கரையேறும். மேல்காற்று வலுத்த நாட்களில் அது இன்னும் தாமதமாகும். காலை ஐந்தரை முதல் எட்டு வரை, மாலை நான்கரைக்கு மேல் என்று இரண்டு வேளைகளை வைத்துக்கொண்டால் போதும். நடுப்பகல் வீட்டுக்கு உரியது, உறங்கலாம், படிக்கலாம். வீடு பக்கத்திலேயே இருப்பதால் கிடைக்கும் வசதி இது. விடுதி அறைக்குக் கொடுத்த பணத்தை ஈடுகட்ட வேண்டுமே என்று குழந்தைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

எந்தக் கரை என்ற கேள்விக்கு விடை வீட்டிலிருந்து எது பக்கமோ அதுவே. எடுத்துக்காட்டாக, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் குழந்தைகள் ஓடுவார்கள், மணல்வீடு கட்டுவார்கள், சுண்டல் கேட்பார்கள். அதில் தவறில்லை, தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலும் கடற்கரையின் ஒரு பகுதிதான். இரண்டாம் நாள் மணல்வீடு இருந்த இடத்தைத் தேடுவார்கள். அலை எதுவரை வந்து போயிற்று என்று கேட்பார்கள். அப்போதுதான் பேச்சைத் தொடங்க முடியும். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெருநாட்களிலும் ஏறக்குறைய ஒரு மீட்டரளவே. ஆயினும் சரிந்த மணலில் அதன் கோடு தெளிவாகத் தெரியும். ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும் அந்த நீர் மறுநாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதித்து வரும். மூன்றாம் நாள் குச்சி நட்டுப் பார்க்கும் பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும். ஒரே ஒரு முறை வந்து போகும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லை.

நண்டு வளைகளும் அப்படியே. வளைக்கு வெளியே வாரியிறைத்த ஈரமணலைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஊகிக்கலாம். சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் அலவனை ஆட்டி விளையாடியதும், அவர்கள் கட்டிய சிற்றிலை அலை அழித்ததும் படித்திருக்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறாத விளையாட்டு என்று வேறு எதைக் காட்ட முடியும்? மணலில் படரும் அடப்பங்கொடிதான் பாடல்களில் வரும் அடம்பு. முள்முள்ளாகக் காற்றில் உருண்டோடும் ராவணன் மீசையைப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடலாம். சற்று வடக்கே நடந்தால் அடையாற்று முகத்துவாரம். வறண்ட மாதங்களில் மணல் அதை அடைத்துக்கொள்வதும், மழை வெள்ளம் உடைத்துக்கொண்டு போவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிடுகின்றன. ஓர் ஆமை ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேலான பின் குஞ்சுகள் வெளிவரும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் கரையெங்கும் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பிடத்தில் காத்து வருகின்றனர். பருவத்தின் வாரயிறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகள் கடலுக்குள் விடப்படுவதைப் பார்க்கலாம். உள்ளங்கையளவு கூட இல்லாத ஒன்று அத்தனை பெரிய நீரை நோக்கித் தயங்காமல் நடப்பதைக் கண்ட பிள்ளைக்கு நாம் தனியே எதையும் போதிக்க வேண்டியதில்லை.

அச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை மெரினாவில் நடந்ததை மறந்தவர் இல்லை. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் நாம் அந்த அச்சத்தைக் கொடுத்துவிட்டோம்; அதோடு கொடுத்திருக்க வேண்டிய அறிவைக் கொடுக்கவில்லை. நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் ஒவ்வொரு கடலோரப் பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஆழிப்பேரலை எப்போதோ வருவது. அன்றாடம் உயிர் குடிப்பது இழுநீரோட்டம். கரையில் மோதிய நீர் குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் இழுத்துக்கொண்டு போகிறது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமே பல வேளைகளில் அந்த வழியாக இருக்கும். அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பது பெரியவர்களுக்கான பாடம். குழந்தைகளுக்கான பாடம், கணுக்காலுக்கு மேல் நீர் ஏறக் கூடாது, ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில்தான் நிற்க வேண்டும் என்பது. எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வளைவு ஒன்று நிற்கிறதே, அது 1930இல் பிறரைக் காப்பாற்ற நீரில் இறங்கி உயிரிழந்த ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவுச் சின்னம். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள்?

கரை வெறும் மணல் அன்று. அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். பெசன்ட் நகருக்குப் பக்கத்தில் ஊரூர்க் குப்பம், மெரினாவின் தெற்கே நொச்சிக்குப்பம். நமக்குக் கடற்கரை, அவர்களுக்கு முற்றம். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து இணைப்புச் சாலையோர மீன் கடைகளை அகற்ற முற்பட்டபோது எழுந்த போராட்டத்தின் அடிப்படையும் இதுதான். நகரத்தார்க்கு அது குறுக்குவழி. மீன் விற்கும் பெண்களுக்குப் பல தலைமுறை வாழ்விடம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதாயின் விருந்தினராகப் போக வேண்டும். வலையைத் தாண்டக் கூடாது, கேட்காமல் படமெடுக்கக் கூடாது. மீன் வாங்கலாம், அதன் பெயரைக் கேட்கலாம். ‘இன்னைக்கு என்ன காத்துண்ணா?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், வேலைக்கிடையிலும் பதில் சொல்லாத மீனவரைக் காண்பது அரிது. பெரியவர்கள் நடுப்பகலில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலையோ ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலையோ மீண்டும் எடுக்கலாம். அவை தென்கோடிக் கரையின் கதைகள். ஆயினும் கடலை அதில் உழைப்பவர் கண்ணால் பார்க்கப் பழக்கும்.

‘நம் கடற்கரை அழுக்கு, அதற்குப் போய் விடுமுறையா’ என்பார்கள். அழுக்குதான். ஆனால் அதைப் பார்க்காமல் விடுதியின் சுற்றுச்சுவருக்குள் இருந்துவிட்டு வருவதால் அது தூய்மையாகிவிடுவதில்லை. அதைவிட, கரை எப்படி இப்படியானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மெரினாவின் அகலமான மணல்வெளி தொன்றுதொட்டு இருந்ததன்று. 1876இல் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா வளர்ந்தது. வடக்கே ராயபுரத்துக் கரை தேய்ந்து, கல் கொட்ட வேண்டியதாயிற்று. நாம் நடந்து மகிழும் மணல், வடசென்னைக்குக் கிடைக்காமல் போன மணல். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். நியாய அநியாயம் பற்றி அவ்வயதில் நம்மைவிடக் கூர்மையான உணர்வு உண்டு.

இதையெல்லாம் விடுமுறையில் ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கலாம். சுமத்த வேண்டாம். ஒரே கரைக்கு மூன்று நாள் போனால் கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டி எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இந்தக் கரையில் செத்து ஒதுங்கின. கடலை நீச்சல் குளத்தின் பின்னணியாக மட்டும் கண்ட பிள்ளைக்கு இவை நாளேட்டின் ஏழாம் பக்கச் செய்திகள். குஞ்சு நடந்ததைப் பார்த்த பிள்ளைக்கு அவை தன் வீட்டில் நடந்தவை. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தக் கரைக்கு என்ன ஆகும் என்பதை இவ்விரு பிள்ளைகளில் எவர் பெருகுகிறார் என்பதே முடிவு செய்யும்.

எனவே அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் பாருங்கள். ஒரு போர்வை, குடிநீர், தொப்பி, குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கரைக்குப் போய், பிள்ளைகள் ‘போதும்’ என்று சொல்லும்வரை உட்காருங்கள். மூன்றாம் நாளும் அவர்கள் அப்படிச் சொல்லாவிட்டால், நான்காம் நாள் போவதற்கும் கடல் அங்கேயேதான் இருக்கும்.