பரணில் கிடந்த துவக்கு

கொழும்புத்துறையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து ஊரைவிட்டே வெளியேற்றினார்களே, அன்று கைக்குழந்தையோடு புறப்பட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தவர் அவர். சண்டை ஓய்ந்த பின் திரும்பி வந்து வீட்டைப் பழுது பார்த்தபோது, பரணில் சாக்குச் சுற்றிய துவக்கு ஒன்று இருந்திருக்கிறது. "பாட்டனார் பட்டாளத்தில் இருந்தவர். இது அவருடையதா, நாங்கள் இல்லாத காலத்தில் வேறு யாரும் விட்டுப் போனதா? தம்பிமார் பாகத்தில் கேட்கிறார்கள். எனக்கோ இரவில் தூக்கம் இல்லை" என்கிறார். துவக்கில் கண்ட அடையாளங்களையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறார்.

சகோதரிகளே, எழுத்தை வாசிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. இப்படி ஒன்று கிடைத்தால் உள்ளே வெடி இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, பின்பக்கத்து இரும்புப் பிடியை இழுத்துப் பார்ப்பது, விசையைத் தொடுவது எதுவும் வேண்டாம். எண்பது, நூறு வருடத் தோட்டாவும் வெடிக்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பி அறையைப் பூட்டுங்கள். கொழும்புத்துறை, அரியாலைப் பக்கம் 2000 மே மாதத்தில் சண்டை நடந்த இடம்; பக்கத்தில் வேறு பொருள் கிடந்தால் அதைச் சாக்கோடுகூட நகர்த்தக் கூடாது.

இனிச் சகோதரி வரைந்த படத்துக்கு வருவோம். மேலே ஒரு கிரீடம். அதன் கீழே ஜி.ஆர். அதற்கும் கீழே பி.எஸ்.ஏ. கோ., பிறகு 1917. கடைசியில் எஸ்.எச்.டி. எல்.ஈ. என்ற எழுத்துக்களும் மூன்று கோடுகளும் ஒரு நட்சத்திரமும். கட்டை இரும்போடு சேரும் கழுத்தில், வலது பக்கத்தில் இவை வெட்டப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

கிரீடமும் ஜி.ஆரும் ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கும். 1917 என்பதால் இவர் ஐந்தாம் ஜோர்ஜ். 1910 முதல் 1936 வரை ஆண்டவர். விக்டோரியா மகாராணி காலத்துத் துவக்கு என்றால் வீ.ஆர். என்று இருக்கும். அவர் 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். ஆகவே வீ.ஆர். என்று போட்டு அதன் கீழே 1919 என்று ஆண்டு வெட்டியிருந்தால் அது போலி. பெஷாவருக்கு அருகே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் கைவினைஞர்கள் ஆங்கிலத் துவக்குகளை அச்சு அசலாகச் செய்வார்கள். இரும்பு வேலையில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் சறுக்கிவிடுவார்கள். சில எழுத்துக்கள் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும்!

பி.எஸ்.ஏ. என்றதும் வாப்பாவின் சைக்கிள் ஞாபகம் வருகிறதா? அதே கம்பெனிதான். 1861இல் பேர்மிங்ஹாமில் துவக்குச் செய்யத் தொடங்கிய நிறுவனம், பிற்பாடு சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. மூன்று துவக்குகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய படம்தான் அதன் சின்னம். இந்த இடத்தில் என்ஃபீல்டு என்றிருந்தால் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசாங்கத் தொழிற்சாலை, இஷாப்பூர் என்றிருந்தால் வங்காளம், லித்கோ என்றிருந்தால் அவுஸ்திரேலியா.

கடைசி வரி 'குட்டை லீ என்ஃபீல்டு, மூன்றாம் மாதிரி' என்பதன் சுருக்கம். நட்சத்திரம், 1916இல் சில பாகங்களைக் குறைத்து எளிதாக்கிய வகை என்பதற்கு அடையாளம். ஊரில் 303 என்பார்களே, அதுதான் இது.

இதைவிடப் பழையதும் சில வீடுகளில் கிடைக்கலாம். பூட்டுத் தகட்டில் கிரீடமும் டவர் என்ற சொல்லும் 1850களின் ஆண்டும் இருந்தால், வாய்ப்பக்கம் மருந்து இடிக்கும் என்ஃபீல்டாக இருக்கக்கூடும். 1857இல் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் கொதித்தெழுந்தது அந்த வகைக்காகத்தான். எழுத்தே இல்லாமல், நாட்டுக் கொல்லன் செய்தது போலிருந்தால் இடியன் துவக்கு.

சரி, பாட்டனாருடையதா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. 1917 என்பது செய்த ஆண்டு. இந்த வகை இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பிறகும் பாவனையில் இருந்தது. குழலை மாற்றியிருந்தால் அதன் அடியில் வேறு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். இலங்கைப் பொலிஸாரிடமும் 303 இருந்தது. எண்பதுகளில் வடக்கில் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டபோது அவற்றில் பல கைமாறின. ஆகவே பழையது என்பதாலேயே அது குடும்பச் சொத்தாகிவிடாது.

இரண்டு அடையாளங்கள் உதவலாம். அகன்ற அம்பு போன்ற குறி, அரசாங்கச் சொத்து என்பதற்கு. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசாங்கம் சேவையிலிருந்து நீக்கி விற்றது என்று பொருள். அது இருந்தால் பாட்டனார் முறைப்படி வாங்கியிருக்க இடமுண்டு. மற்றது, அடிக்கட்டையின் பித்தளைத் தகடு. படைப்பிரிவின் எழுத்து அதில் குத்தப்பட்டிருப்பதுண்டு. நம் வீடுகளில் பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் துலக்கிவிடுவோம். தயவுசெய்து வேண்டாம்! மண் தாளும் வேண்டாம். அழிந்த எழுத்தை, யாரோ வேண்டுமென்றே அழித்ததாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டம் இன்றும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் ஆளின் பெயருக்குத்தான். அதை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். வீடு வளவு போல வாரிசுக்கு இறங்காது. புராதனப் பொருள் என்றும் வாதாட முடியாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதைத்தான் புராதனம் என்கிறது. அமெரிக்காவில்கூட 1898 வரை செய்ததே அந்தக் கணக்கில் வரும்.

பொலிஸுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று சகோதரி எழுதியிருக்கிறார். அவர் பட்ட பாட்டுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கிணற்றில் போடுவதும், கடலேரியில் எறிவதும், யாருக்காவது விற்பதும் பயத்தை வழக்காக மாற்றிவிடும். நாள் தள்ளுவதும் நல்லதல்ல. துவக்கைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கக் கூடாது. கிடந்த இடத்திலேயே, தொடாமல், எழுத்துக்கள் தெரியப் படம் எடுங்கள். ஒரு சட்டத்தரணியிடம் கலந்துகொண்டு, கிராம அலுவலருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவருக்கும் சொல்லி, அவர்கள் முன்னிலையில் பொலிஸாரை வீட்டுக்கு அழையுங்கள். எந்த நாள், பரணில் எந்த மூலை, முதலில் கண்டது யார் என்று வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். துவக்கின் இலக்கத்தைக் குறித்து எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாட்டனாரின் பட்டாளத்துக் காகிதம் ஏதும் உறவினர் பெட்டியில் மிஞ்சியிருந்தால், அதன் பிரதியையும் அப்போது கொடுங்கள்.