அமெரிக்க மோட்டாரும் ஜப்பானிய மோட்டாரும்

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் பின்னல் யந்திரம் வாங்குமுன் அதன் வேகத்தை மட்டும் விசாரிப்பதில்லை. ஊசி ஒடிந்தால் மறுநாள் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் வருவாரா என்பதையும் கேட்டே முன்பணம் கொடுக்கிறார். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணும் தனவந்தர்களும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

2016-ஆம் வருஷத்தில் இரு தேசத்து வண்டிகளும் இங்கே விற்பனைக்கு வந்தன. ஜூலையில் வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் விலை சுமார் 65 லட்சம் ரூபாய். டிசம்பரில் வந்த நிஸான் ஜி.டி.ஆர். வண்டிக்கு ஏறக்குறைய 2 கோடி. முன்னது 5 லிட்டர், 8 சிலிண்டர் இன்ஜின் கொண்டது. டர்போ முதலிய சிக்கல் இல்லாதது. பின்னதன் இன்ஜினை யோகஹாமாவில் ஒரே தொழிலாளி தம் கையால் பூட்டித் தம் பெயர்த் தகட்டையும் அதில் பதிப்பார். வேலைப்பாட்டில் ஜப்பானியருக்கே முதலிடம் கொடுப்போம். ஆனால் அவ்வளவு நுட்பமான யந்திரம் நம் ஊர்ப் பட்டறைக்கு எளிதில் அடங்காது. மஸ்டாங் விற்பனை 2020-இல் நின்றது, அந்த ஜி.டி.ஆரின் உற்பத்தியே 2025 ஆகஸ்டில் முடிந்தது. வாங்கியவர்களிடம் வண்டி மட்டும் இருக்கிறது.

அமெரிக்கர் வந்து போவது நமக்குப் புதிதன்று. 1926-இல் ஃபோர்டும் 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே கால் வைத்தன. உதிரி பாகங்களைக் கொணர்ந்து பூட்டினால் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யவேண்டும் என்று சுதந்திர சர்க்கார் வற்புறுத்தியதும், 1950-களில் இரண்டும் மூட்டை கட்டின. 1990-களில் திரும்பி வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் விற்பனையை நிறுத்தியது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. சுமார் 4,000 தொழிலாளர் பாதிக்கப்பட்டனர். மறைமலைநகரில் நம்மவர் செய்த எக்கோஸ்போர்ட் வண்டியோ அமெரிக்க வீதிகளிலேயே ஓடியது! நம் தொழிலாளியின் கையில் குறை இருந்ததென்று எவர் சொல்லக்கூடும்?

ஜப்பானியர் குற்றமற்றவர் என்று நாம் வாதிக்கவில்லை. தகாட்டாவின் காற்றுப் பைகள் உலகெங்கும் உயிர்களைக் குடித்தன; அக்கம்பெனி 2017-இல் திவாலாயிற்று. ஒரகடம் தொழிற்சாலையில் தனக்கிருந்த பங்கை நிஸான் 2025-இல் ரெனோவுக்கு விற்றுவிட்டது. 2019-இல் வந்த டொயோட்டா சுப்ராவோ ஆஸ்திரியாவில் உருவாகி ஜெர்மானிய இன்ஜினில் ஓடிய ‘ஜப்பானிய’ வண்டி! எனினும் 1983-இல் மாருதியுடன் இறங்கிய சுஸுகி, சிறிய காரில் தொடங்கி, பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்வித்தது. பல்லடம் பட்டறைக்காரருக்கும் அதன் யந்திரம் அத்துப்படி. ஜப்பானிய வண்டி நம்பகமானது என்ற பெயர் நம் நாட்டில் பரவியதற்கு இதுவே பெருங்காரணம்.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் பண்டங்கள்மீது 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் எவ்வளவு தத்தளித்தது என்பதை வாசகர் அறிவர். நம் நாட்டின் மோட்டார் வரி அதிகம் என்று அமெரிக்க ஜனாதிபதி அவ்வருஷமே முறையிட்டார். பனியனுக்கு வழி திறக்க மோட்டாருக்கு வழி விடலாம், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சலுகை பெறும் கம்பெனி, விற்பனையை நிறுத்தினாலும் பத்து வருஷம் உதிரி பாகமும் பழுது பார்க்கும் வசதியும் தருவதாக ஜாமீன் தொகை கட்டவேண்டும். இந்த நிபந்தனையைச் சர்க்கார் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். ஜப்பானியருக்கும் இதே விதி இருக்கட்டும்.