கொச்சிக்கு ஒரு சேலை எடுத்துப் போங்கள்



போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இன்லண்ட் தாளின் மடிப்பு ஓரம் வரை இடம் விடாமல், குண்டு குண்டான கையெழுத்து. அவரும் அவருடைய அக்காவும் கொச்சியை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாஸ்கோடகாமா பாடம் நடத்தியும், அவரைப் புதைத்த இடத்தைத் தான் இன்னும் பார்க்கவில்லையே என்ற ஆதங்கமும் அதில் இருந்தது.

இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் அந்த அக்கா தங்கைக்கு. மற்றவர்களும் கூடவே வாருங்கள்.

முடியும் அம்மா, ஒரு நாள் போதும். எந்த நாள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அவர்களுடைய ஜெபஆலயம் திறக்காது. ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளாகப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் வெயிலும் தாங்கும்.

முதல் தடவை நான் போனது சுற்றுலா வேனில். காலை எட்டரைக்கு ஏற்றி, மாலை ஐந்துக்கு இறக்கிவிட்டார்கள். சீனவலைக்குப் பதினைந்து நிமிடம், தேவாலயத்துக்கு இருபது, அரண்மனைக்கு அரை மணி, நடுவில் ஒரு மசாலாக் கடையில் மட்டும் முக்கால் மணி. வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டினால் எல்லாக் கட்டடமும் இருக்கிறது, அந்த ஊர் மனிதர் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை. அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். இங்கே எழுதுவது அந்த இரண்டாவது பயணத்தை நம்பித்தான்.

எர்ணாகுளத்தில் ரயிலைவிட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்துப் படகுத்துறைக்குப் போங்கள். கேரள அரசின் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது, கட்டணம் சொற்பம். அக்காவால் படகில் கால் வைத்து ஏற முடியாதென்றால் 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ இருக்கிறது. அதன் துறையில் மேடையே மிதக்கிறது, படகின் தளத்தோடு மட்டமாக நிற்கும். காலுக்கு ஆகுமென்றால் நான் பழைய படகைத்தான் சொல்வேன். ஓரத்து இருக்கையில் காயல் காற்று முகத்தில் அறையும். பெரிய கப்பல் ஒன்று கடந்து போனால் அதன் அலை நம் இருக்கை வரை வந்து சேரும்.

இடப்பக்கம் தெரிவது வில்லிங்டன் தீவு. அதன் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், துறைமுக வாயை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி விட்டார். தோண்டிய மண்ணைக் கொட்டிய இடம்தான் தீவாகப் பரந்தது. அந்த வாய்கூட ஆதியில் இருந்ததல்ல. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில்தான், சங்கப் பாடல்களில் நாம் படிக்கும் முசிறித் துறை மண்மூடிப் போய், கொச்சியில் கடல்வழி திறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். முசிறிக்கு மிளகு வாங்க வந்த உலகம், பிறகு கொச்சிக்கு வரத் தொடங்கியது.

படகிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சீனவலைகள். படத்தில் பார்த்து அலுத்திருப்பீர்கள். பக்கத்தில் போய் நின்றால் அது வேறு. கரையில் நாட்டிய இரண்டு கால்களின்மேல் ஆடும் பெரிய தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பக்கம் நான்கு வளைகழிகளில் தொங்கும் வலை. கரைப் பக்கம் கயிறுகளில் கட்டிய கருங்கற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில். ஒருவர் அந்த உத்திரத்தின்மேல் தண்ணீரை நோக்கி நடக்கிறார். அவருடைய எடைக்கே வலை மெல்ல அமிழ்கிறது. சில நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, வலை எழும்புகிறது. கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் வந்து உட்காருகின்றன. எல்லாக் கல்லும் ஒரே உயரத்தில் இருந்தால் தராசு ஒரேயடியாகச் சாய்ந்துவிடும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என்னையும் இழுக்கக் கூப்பிட்டார்கள். கயிறு உள்ளங்கையைச் சிவக்கச் செய்துவிட்டது. வலையில் வந்தது எட்டுப் பத்து மீன், இரண்டு நண்டு, ஒரு கொத்து ஆகாயத்தாமரை. ஐந்து குடும்பத்துக்கு அது. சீனத்து வணிகர்கள் கொண்டுவந்த வலை என்கிறார்கள் சிலர், மக்காவ் நகரிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது என்கிறார்கள் சிலர். யார் கொண்டுவந்தாலும் இன்று இழுப்பவர்கள் இவர்கள்தான். தேக்கு மரம் விலை ஏறிப்போனதால் பல வலைகளில் இரும்புக் குழாய் ஏறிவிட்டது. வலைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. அக்காவை ஒரு மரத்தடியில் உட்கார வையுங்கள். இரண்டு மூன்று தடவை வலை ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும், அவசரமில்லை.

அங்கிருந்து புனித பிரான்சிஸ் தேவாலயம் நடக்கிற தூரம். வழியெல்லாம் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், தரையும் மேடுபள்ளம் இல்லாதது. 1503இல் மரத்தால் எழுப்பிய சிறு கோயில், 1516இல் செங்கல் கட்டடமானது. கத்தோலிக்கர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று கை மாறியது. டீச்சரம்மா, உங்கள் வாஸ்கோடகாமா இங்கேதான். 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். உள்ளே தென்புறத் தரையில், கம்பி வேலிக்குள், அவரைப் புதைத்த இடம் இருக்கிறது. ஆனால் 1539இல் அவருடைய எச்சங்களைப் போர்ச்சுக்கலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இந்த மண்ணில் அவர் கிடந்தது பதினைந்து வருஷம்கூட இல்லை.

அந்தக் கல்லைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். இருக்கை வரிசைகளுக்கு மேலே நீளச் சட்டங்களில் துணி தொங்கும். அதுதான் பங்கா என்ற விசிறி. அதன் கயிறுகள் சுவரிலுள்ள துளை வழியாக வெளியே போகின்றன. அந்தக் காலத்தில் உள்ளே ஆராதனை நடக்கும்போது, வெளியே வெயிலில் நின்று ஆட்கள் அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருந்தவர்களுடைய பெயரெல்லாம் சுவரில் பதித்த கல்லறைக் கற்களில் இருக்கிறது. வெளியே நின்றவர்களுக்கு அந்தத் துளைதான் மிச்சம். நான் வெளியே போய் அந்தச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன். முற்பகலிலேயே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

பக்கத்தில் சாந்தா குரூஸ் பேராலயம். இப்போதுள்ள கட்டடம் 1905இல் அர்ச்சிக்கப்பட்டது. வெள்ளைக் கோபுரங்களும் உள்ளே கூரை ஓவியங்களும் அழகு. பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தத் தெருக்களில் நான் தேடி அலைந்தது வேறொன்று. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதை நம் வாசகர்கள் பலர் அறிவீர்கள். அடுத்த வருஷம், 1579இல், ‘கிரீசித்தியானி வணக்கம்’ அச்சானது இதே கொச்சியில். முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு வாழ்ந்து தமிழ் கற்ற இயேசு சபைத் துறவி ஹென்றிக் ஹென்றிக்ஸ் தமிழாக்கிய வேதபாட நூல் அது. தமிழ் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் ஒன்று. மாதம் தவறாமல் தமிழை அச்சேற்றுவதையே வேலையாகக் கொண்டவன் நான். அந்த அச்சகம் இருந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தேடியவரை ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. 440 வருஷத்துக்கும் முன்னால், இந்தத் தெருக்களில் எங்கோ ஓர் அறையில் அமர்ந்து, ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்த விரல்கள் யாருடையவை? எழுத்து இடம் மாறாமல் பார்த்துக்கொண்ட அந்த விரல்களை நினைத்து ஒரு தெருமுனையில் நின்றுவிட்டு வந்தேன். நீங்களும் நடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டோவில் மட்டாஞ்சேரி. நெருங்கும்போதே சுக்கும் மிளகும் மூக்கில் ஏறும். அங்கே அரண்மனையை 1555 வாக்கில் கொச்சி மன்னருக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுக்கீசியர். 1663க்குப் பிறகு பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். பெயர் டச்சு அரண்மனை என்றாகிவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவர் முழுக்க இராமாயணம், தசரதன் வேள்வி தொடங்கி. ஓவியத்தைப் பார்த்த கண்ணோடு தரையையும் பாருங்கள். கறுப்புப் பளிங்கு போல மின்னும். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த தரை அது. மாடி ஏற வேண்டும், அக்காவுக்குக் கைத்தாங்கல் வேண்டியிருக்கும்.

கூப்பிடு தூரத்தில் ஜூ டவுன், யூதர்களின் தெரு. தெருக்கோடியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபஆலயம். நம் ஊரில் ‘பரதேசி’ வசவுச் சொல்லாகிவிட்டது. அங்கே அதற்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், காலடியில் சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், ஆயிரத்துக்கு மேல். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நான் குனிந்து பார்த்தேன். அதே மரம், அதே பூ திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஓர் ஓட்டில் கிளை சற்றுத் தடித்திருக்கிறது, இன்னொன்றில் தூரிகை வழுக்கி மை பரந்திருக்கிறது. ஒரே கோலத்தை ஆயிரம் வாசலில் ஆயிரம் பேர் போட்டால் எப்படியிருக்கும், அப்படி. கேரள யூதர்களின் அன்றைய தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தந்த செப்பேடு வட்டெழுத்தில் பொறித்தது. பல்லக்கும் குடையும் பகல் விளக்கும் உள்ளிட்ட 72 உரிமைகள் அதில் உண்டு. இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். தெருவின் பெயரும் வாசல்களும் மிஞ்சியிருக்கின்றன.

பழம்பொருள் கடைகளில் நேரம் போக்க வேண்டாம். மூன்று மணிக்குள் ஆட்டோக்காரரிடம் ‘தோபிகானா, வெளி’ என்று சொல்லுங்கள். நான் போன வேன் இங்கே நிற்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து, டச்சுப் படையினரின் துணி வெளுக்கக் கூட்டிவரப்பட்ட வண்ணார் சமூகத்தினர் இங்கே தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறார்கள். ஒரு கூடத்தில் வரிசையாகத் துவைக்கும் அறைகள், கல், தொட்டி. பின்னால் வெயில் விழும் பெரிய மைதானம். அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொடி. நான் தலை நுழைத்ததும் உள்ளேயிருந்து, “வாங்க தம்பி, வெளியவே நிக்கிறீங்களே” என்று ஒரு குரல். காலையிலிருந்து மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

எழுபதை ஒட்டிய ஓர் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் சிரட்டைக் கரி. நான் தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு இறங்கிவிட்டது. அவர் அதை வேட்டியின்மேல் படகு போல ஓட்டினார். ஓரத்தில் ஒரு விரல் நீளம் திரும்பியிருந்த கரையை, பெட்டியை வைத்துவிட்டு, நகத்தால் நீவி நேராக்கிவிட்டுத்தான் அடுத்த மடிப்புக்குப் போனார்.

கொடியில் ஒரு கிளிப்பைக்கூடக் காணோம். “காத்துல பறந்துடாதாம்மா?” என்றேன். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு கயிறு, ஒன்றோடொன்று முறுக்கியது. முறுக்கின் இடுக்கை விரலால் நெகிழ்த்தித் துணியின் முனையைச் செருகிவிட்டால் கயிறே கவ்விக்கொள்கிறது. “கிளிப்பு துருப்புடிச்சா கறை விழும் தம்பி. கறை விழுந்த துணிய எப்படிக் குடுக்கிறது?” காலையில் என் கையைச் சிவக்க வைத்த கயிறும், தேவாலயச் சுவர்த் துளைக்குள் போன கயிறும் எனக்கு அங்கேதான் ஒன்றாக ஞாபகம் வந்தன.

உள்ளூர்க்காரர்களின் சட்டையும் பெரிய விடுதிகளின் விரிப்பும் இன்னும் அங்கே வருகின்றன. இளையவர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டதாக அந்த அம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே அடுத்த வேட்டியை உதறினார்.

டீச்சரம்மா, கிளம்பும்போது உங்கள் பையில் நல்ல பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து மடிக்காமல் எடுத்துவையுங்கள். அங்கே கொடுத்து இஸ்திரி போடச் சொல்லுங்கள், கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். அது முடியக் கால் மணி நேரமாவது ஆகும். அக்காவுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கேளுங்கள், தருவார்கள். நாலரை மணி வாக்கில் படகைப் பிடித்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்